"அரே என்பது பாயிண்டர்தான்" என்று சொல்லிக்கொடுத்தால் தப்பா?

மாலைவகுப்பு கேட்கிறார்:

வணக்கம். எங்கள் ஊரில் கல்லூரிப் பிள்ளைகள் 12 பேருக்கு வாரத்தில் மூன்று நாள் மாலையில் சி என்ற நிரல்மொழி சொல்லித்தருகிறேன். பகலில் வேறு வேலை, இதற்குக் காசு வாங்குவதில்லை. ஆறு வருடமாக அரே (ஒரே வகை மதிப்புகளை அடுத்தடுத்த கட்டங்களில் வைப்பது) பாடம் வரும்போதெல்லாம் "அரேயின் பெயர் ஒரு பாயிண்டர்தான், முதல் கட்டத்தின் அட்ரஸை வைத்திருக்கும்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன். பிள்ளைகளும் எழுதிக்கொள்வார்கள், நிரலும் ஓடும்.

போன வாரம் ஒரு மாணவி வகுப்புக் குழுவில் ஒரு நிரல் போட்டாள். பத்து மதிப்பெண் உள்ள ஒரு இன்ட் (முழு எண்) அரே, அதைக் கூட்டித் தர ஒரு ஃபங்ஷன். நிரல் தொடங்கும் மெயினில் அந்த அரேக்கு சைஸ்ஆஃப் (எத்தனை பைட் என்று சொல்வது) போட்டால் 40 வருகிறது. அதையே ஃபங்ஷனுக்கு அனுப்பி, உள்ளே சைஸ்ஆஃப் போட்டால் 8 வருகிறது. அந்த 8-ஐ ஒரு இன்ட்டின் அளவான 4-ஆல் வகுத்து, மொத்தம் 2 கட்டம்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, முதல் இரண்டு மதிப்பெண்ணைக் கூட்டியதோடு ஃபங்ஷன் நின்றுவிடுகிறது. "சார், மீதி எட்டு மார்க் எங்க போச்சு?" என்று கேட்டிருந்தாள்.

நான் வழக்கம்போல "அரே பாயிண்டர்தானே, பாயிண்டர் 8 பைட், அதனால் 8 வருகிறது. எண்ணிக்கையைத் தனியாக அனுப்பிவிடு" என்று பதில் போட்டேன். குழுவில் என் பழைய மாணவர்கள் சிலரும் இருக்கிறார்கள், இப்போது நல்ல வேலையில் இருப்பவர்கள். ஒருவர் உடனே வந்து "சார், அரே பாயிண்டர் இல்லை, அப்படிச் சொல்லிக்கொடுக்காதீர்கள்" என்றார். இன்னொருவர் "அரே பாயிண்டராக டிகே ஆகிறது (தேய்ந்து மாறுகிறது) என்று சொல்லுங்கள்" என்றார். மூன்றாமவர் வந்து, சி மொழியின் அதிகாரபூர்வத் தரநிலையில் அந்த இடத்தில் டிகே என்ற சொல் கிடையாது, மாற்றப்படுகிறது என்றுதான் இருக்கிறது என்றார். அப்புறம் ஒருவர் நான் எழுதிய ஆர்கியுமென்ட்டைப் பாராமீட்டர் என்று திருத்தினார். இரவு பதினொன்றரை வரை ஓடியது. காலையில் பார்த்தால் எண்பதுக்கு மேல் செய்தி.

அந்தப் பெண் அதற்கப்புறம் ஒரு வார்த்தை எழுதவில்லை. மறுநாள் வகுப்பில் கேட்டதற்கு "பெரியவங்க பேசிக்கிட்டு இருந்தீங்க சார், நடுவில் கேட்கக் கூச்சமா இருந்தது" என்றாள். அதுதான் எனக்கு மனசில் நிற்கிறது.

சண்டைக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். நான் சொல்லிவந்த வரியில் உண்மையிலேயே கேடு இருக்கிறதா, இல்லை சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவதா இது? முதல் வருடப் பிள்ளைக்கு எந்தச் சொல்லைத் திருத்தலாம், எதைக் கண்டும் காணாமல் விடலாம்?

ஃபர்ம்வேர்க்காரன்:

வணக்கம் சார். மைக்ரோகன்ட்ரோலர் நிரல் எழுதி 14 வருடம் ஆகிறது. நானும் திருத்துகிற கூட்டம்தான். உங்கள் மாணவி வாய் மூடிப்போனது எனக்கும் வருத்தமாக இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அவள் காட்டியது இரண்டு எண். உங்கள் பதில் 8-ஐ விளக்குகிறது, 40-ஐ விளக்கவில்லை. அரே பாயிண்டர்தான் என்றால் மெயினிலும் 8 வந்திருக்க வேண்டுமே? அவள் அதைக் கேட்டிருந்தால் உங்களிடம் என்ன பதில் இருந்திருக்கும்? இங்கே சொல் தவறியதால் விளக்கமே பாதியில் நிற்கிறது, அதனால்தான் பிடிவாதமாகச் சொல்கிறேன்.

அரே என்பது பத்து இன்ட் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் இடம், 40 பைட், அவ்வளவுதான். அதற்குப் பக்கத்தில் "இதோ இங்கே ஆரம்பிக்கிறது" என்று அட்ரஸை எழுதி வைத்த பெட்டி எதுவும் மெமரியில் கிடையாது. அரேயின் பெயரை ஒரு கணக்கில் எழுதும்போது, அந்த இடத்தில் மட்டும், கம்பைலர் முதல் கட்டத்தின் அட்ரஸை உண்டாக்கித் தருகிறது. சைஸ்ஆஃப் போட்டாலோ, முன்னால் & (அட்ரஸ் எடுக்கும் குறி) போட்டாலோ அந்த மாற்றம் நடக்காது, முழு அரேயாகவே நிற்கும். (கேர் (எழுத்து) அரேக்கு மேற்கோள் குறிக்குள் எழுத்துகளைத் தொடக்க மதிப்பாகக் கொடுப்பது மூன்றாவது விலக்கு. முதல் வருடத்துக்கு அது வேண்டாம்.) மெயினில் 40 வந்தது இதனால்தான். ஃபங்ஷனில் நடப்பது வேறு விஷயம். பாராமீட்டர் இடத்தில் (ஃபங்ஷன் வாங்கிக்கொள்வதை அறிவிக்கும் இடம்) நீங்கள் பத்து கட்ட அரே என்று எழுதினாலும் கம்பைலர் அதைப் பாயிண்டர் அறிவிப்பாகவே எடுத்துக்கொள்ளும். அந்த 10-ஐச் சட்டை செய்யாது. ஆக உள்ளே இருப்பது அசல் பாயிண்டர், அதனால் 8.

இது ஏன் இப்படி ஆனது என்பதை சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சியே 1993-இல் எழுதிய சி மொழி வரலாற்றுக் கட்டுரையில் சொல்லியிருக்கிறார். சி-க்கு முன்னால் இருந்த பி மொழியில் உங்கள் வரி சரி. அங்கே அரே அறிவித்தால் இடமும் ஒதுக்கப்படும், அந்த இடத்தைக் காட்டும் ஒரு பெட்டியும் தனியாக இருக்கும், பெயர் அந்தப் பெட்டிக்குத்தான். பிறகு ஸ்ட்ரக்ட் (பல மதிப்புகளைச் சேர்த்து ஒரே பொருளாக வைப்பது) கொண்டுவரும்போது ரிச்சி முட்டிக்கொண்டார். அந்தக் கால யூனிக்ஸில் டைரக்டரியில் ஒரு பதிவு 16 பைட்: 2 பைட் ஐநோட் எண் (கோப்பை அடையாளம் காட்டும் எண்), 14 பைட் கோப்புப் பெயர். டிஸ்க்கில் இருக்கும் அந்த 16 பைட்டை அப்படியே ஒரு ஸ்ட்ரக்ட்டாகப் படிக்க வேண்டும். உள்ளே இருக்கும் 14 எழுத்து அரேக்கு ஒரு பாயிண்டர் பெட்டி வேண்டுமென்றால் அதை எங்கே ஒளித்து வைப்பது? டிஸ்க்கில் அதற்கு இடமே இல்லையே. அதனால் பெட்டியையே தூக்கிவிட்டு, பெயரைக் கணக்கில் சொல்லும்போது மட்டும் பாயிண்டர் உண்டாகட்டும் என்று வைத்தார். பிள்ளைகளுக்கு இந்த 16 பைட்டைப் பலகையில் கட்டம் போட்டுக் காட்டுங்கள் சார், அரே பாயிண்டர் இல்லை என்பது வாதமே இல்லாமல் புரிந்துவிடும்.

பாராமீட்டரில் வெறும் [] போட்டால் பாயிண்டர் ஆகிவிடுவதும் அந்தக் காலத்து மிச்சம்தான். பி-க்கும் சி-க்கும் நடுவில் என்பி என்று ஒரு கட்டம் இருந்தது, அங்கே பாயிண்டரை அறிவிக்கும் முறையே அந்த வெற்று அடைப்புதான். உங்கள் மாணவி மாட்டிக்கொண்டது ஐம்பது வருடப் பழைய மிச்சம் ஒன்றில், அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

என் சொந்த அனுபவம் ஒன்று. பெயர் வேண்டாம், முன்பு இருந்த ஒரு நிறுவனத்தில் பம்ப் கட்டுப்படுத்தும் பலகை ஒன்று. ஒரு கோப்பில் பதிப்பு எண்ணை கேர் அரேயாக வைத்திருந்தார்கள், "வி, இ, ஆர், 2" என்ற நான்கு எழுத்துகளோடு தொடங்கும். இன்னொரு கோப்பில் எழுதியவர், அரேயும் பாயிண்டரும் ஒன்றுதானே என்று, ஹெடரைச் (பொது அறிவிப்புகள் உள்ள கோப்பு) சேர்க்காமல் கையாலேயே எக்ஸ்டெர்ன் (வேறு கோப்பில் இருக்கிறது என்ற அறிவிப்பு) போட்டு கேர் பாயிண்டர் என்று அறிவித்துவிட்டார். இரண்டு கோப்பும் தனித்தனியாகத்தான் கம்பைல் ஆகும், ஆகவே கம்பைலர் வாய் திறக்கவில்லை. கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் பெயரை மட்டும் பார்க்கும், அதுவும் சேர்த்துவிட்டது. பலகையில் ஏற்றியதும், பதிப்பு எண்ணைத் திரையில் காட்டும் இடத்தில் விழுந்தது.

இரண்டு நாள் மின்சாரத்தைச் சந்தேகப்பட்டோம், பலகையை மாற்றினோம். கடைசியில், எந்த அட்ரஸைப் படிக்கப் போய் விழுந்தது என்று காட்டும் பஸ் ஃபால்ட் அட்ரஸ் ரெஜிஸ்டரைப் பார்த்தால் பதினாறடிமானத்தில் 32524556 என்று இருந்தது. அந்தச் சிப்பில் அப்படி ஒரு மெமரியே கிடையாது. நான் அதைத் தாளில் எழுதி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 56, 45, 52, 32. பின்னாலிருந்து படித்தால் ஆஸ்கி அட்டவணையில் வி, இ, ஆர், 2. எழுத்தையே அட்ரஸாக எடுத்துக்கொண்டு அங்கே போய்ப் படிக்கப் பார்த்திருக்கிறது! பாயிண்டர் என்று சொன்னால், "அந்த இடத்தில் ஒரு அட்ரஸ் எழுதியிருக்கும், அதை எடுத்துக்கொண்டு போ" என்று கம்பைலருக்குச் சொல்வதாக அர்த்தம். அங்கே இருந்தது வெறும் எழுத்து.

இதை எழுதியவர் மோசமான நிரலர் இல்லை சார். கல்லூரியில் யாரோ அவருக்கு அந்த ஒரு வரியைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அதை நம்பினார்.

பெரிய ஆட்களும் மாட்டியிருக்கிறார்கள். லினக்ஸ் கர்னலின் வயர்லெஸ் பகுதியில், அளவு போட்ட அரே பாராமீட்டருக்கு சைஸ்ஆஃப் போட்டு, அரேயின் அளவு வரும் என்று நம்பி எழுதியிருந்தார்கள். அதற்காக 2015-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மிகக் கடுமையாகத் திட்டினார். உங்கள் மாணவி செய்த அதே தவறு. இப்போதைய ஜிசிசி கம்பைலர் தனியாக எந்தக் கொடியும் (கட்டளையோடு கொடுக்கும் விருப்பம்) போடாமலேயே இதற்கு எச்சரிக்கை தரும், அவள் கம்பைலரில் அது தெரிகிறதா என்று பாருங்கள்.

ஈரோடு_மஞ்சள்:

மேலே இருப்பவர் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், 32524556 கதை எனக்கே புதுசு. ஆனால் இதை வைத்துக்கொண்டு எல்லாத் திருத்தத்துக்கும் உரிமம் கொடுத்துவிடக் கூடாது. எண்பது செய்தியில் உருப்படியானது ஒன்றோ இரண்டோதான் இருந்திருக்கும்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். இந்தச் சொல்லை மாற்றினால் அவன் எழுதப்போகும் நிரல் மாறுமா? மாறும் என்றால் திருத்து. மாறாது என்றால் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போ.

உதாரணத்துக்கு ஸ்டாக், ஃபங்ஷனின் லோக்கல் மாறிகள் இருக்கும் மெமரிப் பகுதி. ஒரு பையன் வந்து "ஃபங்ஷனுக்குள் அறிவித்த லோக்கல் அரேயின் அட்ரஸைத் திருப்பி அனுப்பினேன், குப்பை வருகிறது" என்கிறான். "அது ஸ்டாக்கில் இருக்கிறது தம்பி, ஃபங்ஷன் முடிந்தால் போய்விடும்" என்று ஒருவர் சொல்வார். அவனுக்குப் புரிந்துவிடும். உடனே இன்னொருவர் வந்து, சி தரநிலையில் ஸ்டாக் என்ற சொல்லே இல்லை, ஆட்டோமேட்டிக் ஸ்டோரேஜ் டியூரேஷன் என்று சொல்ல வேண்டும் என்பார். அவர் சொல்வது உண்மை, சி99 தரநிலை முழுக்கத் தேடினாலும் அந்தச் சொல் கிடைக்காது. ஆனால் அந்தப் பையன் இருக்கும் கணினியில் ஸ்டாக் இருக்கிறது, டிபக்கரில் ஸ்டாக் என்றுதான் காட்டும், அவன் தவறு செய்ததும் அங்கேதான். இந்தத் திருத்தத்தால் அவன் நிரலில் ஒரு எழுத்து மாறாது.

அடுத்தது இம்ப்ளிசிட் காஸ்ட். காஸ்ட் என்பது ஒரு மதிப்பை வேறு டைப்பாக மாற்ற நாமே அடைப்புக்குள் டைப்பை எழுதிச் செய்வது மட்டும்தான், கம்பைலர் தானாகச் செய்தால் அது கன்வர்ஷன், எனவே இம்ப்ளிசிட் காஸ்ட் என்று ஒன்று இருக்க முடியாது என்பார்கள். சரி, இருக்க முடியாது. கேட்டவன் என்ன கேட்டான் என்று எல்லோருக்கும் புரிந்ததா இல்லையா?

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன், திருத்துகிறவரே தரநிலையைத் திறந்து பார்த்திருக்க மாட்டார். "சி-யில் ரெஃபரன்ஸ் என்ற பேச்சே கிடையாது, அது சி++ சங்கதி" என்று அடித்துச் சொல்வார்கள். ஆனால் சி தரநிலை பாயிண்டரை விவரிக்கும் இடத்திலேயே, ஒரு பொருளுக்கு ரெஃபரன்ஸ் தரும் மதிப்பு என்றுதான் எழுதியிருக்கிறது. சி-யில் ஃபங்ஷனுக்கு எல்லாமே வேல்யூவாகத்தான் (நகலாகத்தான்) போகிறது என்பது சரி, சி++ போல ரெஃபரன்ஸ் டைப் இல்லை என்பதும் சரி. அதற்காகச் சொல்லையே தடைசெய்ய முடியாது. ஜாவாவிலும் இதே கூத்து. "ஜாவாவில் பாயிண்டரே கிடையாது" என்று நேர்காணலில் கேட்டு மடக்குவார்கள். ஜாவா மொழியின் அதிகாரபூர்வ விவரணமே ரெஃபரன்ஸ் மதிப்புகள் என்பவை பொருள்களுக்கான பாயிண்டர்கள் என்று சொல்கிறது, விழும்போது வரும் பிழையின் பெயரும் நல்பாயிண்டர்எக்ஸெப்ஷன்தான்.

ஜாவாவில் திருத்த வேண்டியது வேறு. பொருளை அனுப்பும்போது ரெஃபரன்ஸாகப் போகிறது என்று நம்புகிறவன், இரண்டு மாறிகளை இடம் மாற்றித் தரும் ஃபங்ஷன் ஒன்றை எழுதுவான், அழைத்த இடத்தில் ஒன்றும் மாறியிருக்காது, தலையைப் பிய்த்துக்கொள்வான். அங்கே நிரல் மாறுகிறது, அதனால் அங்கே நின்று திருத்தலாம்.

அந்த மாணவிக்கு முதலில் வந்திருக்க வேண்டியது பதில். அதைக் கொடுத்துவிட்டு, வேண்டுமானால் அடுத்த பத்தியில் சொல்லைத் திருத்தியிருக்கலாம். பதிலே கொடுக்காமல் திருத்தத்தோடு வந்தவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

கொடிக்கம்பம்:

சார், வாதத்தை விடுங்கள், இதை ஓடவிடச் சொல்லுங்கள். ஏ என்று ஒரு பத்து கட்ட இன்ட் அரே. ஏ, &ஏ, ஏ + 1, &ஏ + 1 நான்கையும் அட்ரஸாக அச்சடிக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டும் ஒரே எண் வரும். மூன்றாவது 4 தள்ளி வரும். நான்காவது 40 தள்ளி வரும். ஓடவிடுவதற்கு முன்னால் என்ன வரும் என்று தாளில் எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அது முக்கியம்.

ஓரெட்டுப்பிட்:

ஈரோடு நண்பரின் அளவுகோலில் எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. நிரல் மாறுமா என்பது பல நேரம் சொல்கிறவருக்கே அப்போது தெரியாது. இன்றைக்கு ஓடுகிற நிரல் அடுத்த வருடம் கம்பைலரை மாற்றினால் ஓடாது, அப்போதுதான் அந்தச் சொல்லுக்கு எடை இருந்தது தெரியும்.

சி-யில் மூன்று சொல் இருக்கிறது, காதுக்கு மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். அன்ஸ்பெசிஃபைட், இம்ப்ளிமென்டேஷன் டிஃபைன்ட், அன்டிஃபைன்ட். பேச்சில் எல்லாவற்றையும் "என்ன வரும்னு சொல்ல முடியாது" என்று ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். ஒரு ஃபங்ஷனுக்கு இரண்டு ஆர்கியுமென்ட் கொடுத்தால் எது முதலில் கணக்கிடப்படும் என்பது அன்ஸ்பெசிஃபைட். ஏதோ ஒரு வரிசையில் நடக்கும், எந்த வரிசை என்று சொல்ல வேண்டிய கட்டாயம் கம்பைலருக்கு இல்லை, ஆனால் நிரல் செல்லும். மைனஸ் எண்ணின் பிட்டுகளை வலப்பக்கம் ஷிஃப்ட் செய்தால் (நகர்த்தினால்) வருவது இம்ப்ளிமென்டேஷன் டிஃபைன்ட், கம்பைலர் தன் கையேட்டில் என்ன வரும் என்று எழுதி வைத்தாக வேண்டும். மூன்றாவதில் அப்படி எந்தப் பிடிமானமும் இல்லை. அன்டிஃபைன்ட் என்றால் இப்படி ஒன்று நடக்கவே நடக்காது என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொண்டு அதன்மேல் நிரலைச் சுருக்கலாம்.

2009-இல் லினக்ஸ் கர்னலின் டன் (TUN) என்ற நெட்வொர்க் டிரைவரில் நடந்தது இதுதான். ஒரு பாயிண்டரின் உள்ளே இருக்கும் மதிப்பை முதல் வரியில் எடுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் அந்தப் பாயிண்டர் NULL (எதையும் காட்டாதது) ஆக இருக்கிறதா என்று சோதித்திருந்தார்கள். NULL ஆக இருந்தால் முதல் வரியே அன்டிஃபைன்ட். ஆகவே NULL ஆக இருக்க வாய்ப்பே இல்லை என்று முடிவுகட்டி, சோதனையைக் கம்பைலர் தூக்கிவிட்டது. மூலநிரலில் சோதனை கண்ணுக்குத் தெரியும், ஓடும் நிரலில் இருக்காது. அது பாதுகாப்பு ஓட்டையாகப் போனது. அதற்கப்புறம் இப்படி NULL சோதனைகளை நீக்காதே என்று சொல்லும் கொடியோடு கர்னலைக் கம்பைல் செய்ய ஆரம்பித்தார்கள்.

ஓவர்ஃப்ளோவும் அப்படித்தான். அன்சைன்ட் எண் (மைனஸ் இல்லாதது) எல்லை தாண்டினால் பூஜ்யத்திலிருந்து சுற்றி வரும், தரநிலை அதை ஓவர்ஃப்ளோ என்றே சொல்லாது. சைன்ட் எண் (மைனஸும் வரக்கூடியது) தாண்டினால் அது ஓவர்ஃப்ளோ, அது அன்டிஃபைன்ட். "அன்சைன்ட் ஓவர்ஃப்ளோ என்று சொல்லக் கூடாது" என்று ஒருவர் திருத்தினால் முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டவன், சைன்ட் எக்ஸுக்கும் எக்ஸ் + 100 என்பது எக்ஸைவிடச் சிறியதா என்று பார்த்து எல்லை தாண்டியதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று எழுதுவான். ஆப்டிமைசேஷன் (கம்பைலர் நிரலை வேகமாக்கச் செய்யும் மாற்றங்கள்) இல்லாமல் கம்பைல் செய்தால் அவன் நினைத்தபடி ஓடக்கூடும். ஆப்டிமைசேஷன் போட்டால் கம்பைலர் அந்த வரியையே நீக்கிவிடலாம். சி23 தரநிலையில் மைனஸ் எண்களை வைக்கும் முறை டூஸ் காம்ப்ளிமென்ட் ஒன்றுதான் என்று ஆக்கிவிட்டார்களே, இனிமேல் சைன்ட் எண்ணும் சுற்றி வருமே என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வராது. எண்ணை மெமரியில் வைக்கும் முறையைத்தான் ஒன்றாக்கினார்கள், சைன்ட் ஓவர்ஃப்ளோ இன்னும் அன்டிஃபைன்ட்தான்.

ஸ்டாக் விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி, அங்கே நானும் வாயைத் திறக்க மாட்டேன்.

ஈரோடு_மஞ்சள்:

எக்ஸ் + 100 சோதனையை நானே ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன். அப்போது அது சரியாக ஓடியதால் இன்றுவரை சந்தேகப்படவே இல்லை. சரி, "இன்றைக்கு நிரல் மாறுமா" என்று பார்த்தால் போதாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் வருடப் பிள்ளை கேள்வி கேட்ட அன்றே இந்த மூன்று சொல்லையும் அவள் தலையில் கொட்டவும் கூடாது.

மாலைவகுப்பு:

எல்லோருக்கும் நன்றி. நேற்று வகுப்பு இருந்தது, நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் பலகையில் 16 கட்டம் போட்டேன். இரண்டு கட்டத்தில் எண், பதினாலு கட்டத்தில் கோப்புப் பெயர். "இதில் அட்ரஸ் வைக்கும் பெட்டியை எங்கே வைப்பீர்கள்?" என்று கேட்டேன். ஒரு பையன் கடைசியில் இன்னொரு கட்டம் ஒட்டலாம் சார் என்றான். டிஸ்க்கில் அடுத்த கோப்பின் பதிவு அங்கே ஆரம்பித்துவிடுகிறதே என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அவனே "அப்போ பெட்டி இல்லாமலேதான் இருக்கணும்" என்றான். ஆறு வருடமாகச் சொல்லிவந்த வரியை நானே பலகையில் எழுதி அடித்துவிட்டு, இது தவறு, இவ்வளவு நாள் தவறாகச் சொன்னேன் என்றேன்.

அப்புறம் கொடிக்கம்பம் சொன்ன நான்கு எண். தாளில் முன்கூட்டி எழுதச் சொன்னதில் 12 பேரில் ஒன்பது பேர் கடைசி எண்ணும் 4 தள்ளித்தான் வரும் என்று எழுதியிருந்தார்கள். ஓடவிட்டதும் ஒரே சத்தம். கேள்வி கேட்ட அந்த மாணவிதான் சொன்னாள், "ரெண்டும் ஒரே இடத்தில்தான் நிக்குது சார், எடுத்து வைக்கிற அடிதான் வேற." இதைவிட நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

எச்சரிக்கை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவளிடம் மடிக்கணினி இல்லை, கைப்பேசிச் செயலியில்தான் நிரல் எழுதுகிறாள். எச்சரிக்கைகள் அதில் வேறொரு பக்கத்துக்குப் போய்விடுகின்றன, யாரும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. நேற்று எல்லோருக்கும் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். பாராமீட்டருக்கு சைஸ்ஆஃப் போட்டால் பாயிண்டரின் அளவுதான் வரும் என்று கம்பைலர் அன்றைக்கே சொல்லியிருக்கிறது.

ஆர்கியுமென்ட், பாராமீட்டர் விஷயத்தில் எனக்கு ஓர் ஆச்சரியம். அன்றைக்கு என்னைத் திருத்தியவரிடம் எரிச்சல்பட்டேன். நேற்று இரண்டும் வேறா என்று வகுப்பில் கேட்டால், தமிழ் வழியில் படித்து வந்த மூன்று பேர் பட்டென்று கை தூக்கினார்கள். பள்ளிப் புத்தகத்தில் அளபுரு, செயலுருபு என்று இரண்டு சொல்லாகப் படித்திருக்கிறார்கள். ஃபங்ஷனை வரையறுக்கும் இடத்தில் இருப்பது அளபுரு, அழைக்கும்போது கொடுப்பது செயலுருபு. ஆங்கில வழியில் படித்தவர்கள்தான் இரண்டையும் கலந்து சொன்னார்கள். இங்கே அந்தப் பிரிவு தேவையாகவும் இருந்தது. செயலுருபாகக் கொடுத்தது அரே, அளபுருவாக வாங்கியது பாயிண்டர் என்று ஒரே வரியில் முடிந்துவிட்டது. திருத்தியவருக்கு இரவே போன் போட்டு இதைச் சொன்னேன்.

அன்டிஃபைன்ட் பாடத்தை இன்னும் தொடவில்லை, பாயிண்டர் முடிந்ததும் எடுக்கிறேன். அந்த மூன்று சொல்லையும் ஒரே நாளில் சொல்லாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல் வைத்து நடத்தலாம் என்று இருக்கிறேன்.

மாணவியின் நிரல் இப்போது எண்ணிக்கையைத் தனியாக வாங்கிக்கொள்கிறது, பத்தையும் கூட்டுகிறது. இன்று காலை குழுவில் அவளாகவே அடுத்த கேள்வி போட்டிருக்கிறாள். இரண்டு பரிமாண அரேயை ஃபங்ஷனுக்கு அனுப்பும்போது முதல் அளவை மட்டும் எழுதாமல் விடலாம், இரண்டாவதைக் கட்டாயம் எழுத வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறதாம், அதுவும் இதே காரணத்தால்தானா என்று கேட்கிறாள். இதே காரணம்தான் என்று நினைக்கிறேன், ஆனால் எழுதும் முன் உங்களிடம் கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

ஃபர்ம்வேர்க்காரன்:

இதே காரணம்தான் சார். இரண்டு பரிமாண அரே என்பது அரேக்களின் அரே. பாயிண்டராக மாறுவது வெளியே இருக்கும் அரே மட்டும், அதனால் முதல் எண் போய்விடுகிறது. வந்து சேர்வது ஒரு முழு வரிசையைக் காட்டும் பாயிண்டர், அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று தெரியாமல் அடுத்த வரிசைக்குத் தாண்ட முடியாது, அதனால் இரண்டாவது எண் வேண்டும். அவள் சொன்ன வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள், எடுத்து வைக்கும் அடியின் நீளம் அந்த இரண்டாவது எண்ணில் இருக்கிறது என்று.